நாலு ஹீட்டர் பிளக்கும் புதுசு, ஆனா காலையில வண்டி எடுக்கல

வணக்கம் மக்களே. ஒரு கையில போன், இன்னொரு கையில மீட்டர், அதனால கேமரா கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கோங்க.

நேத்து சாயங்காலமே இந்த வண்டி வந்துடுச்சு. ராத்திரி முழுக்க தொடாம விட்டு வச்சேன். ஏன்னா இந்தக் கம்ப்ளெயிண்ட் எஞ்சின் நல்லா ஆறினாத்தான் தெரியும். நாலு சிலிண்டர் டீசல், பழைய மாடல், ரிலே (ஹீட்டர் பிளக்குக்குக் கரண்டைத் திறந்து விடற காந்த சுவிட்ச்) வச்ச 12 வோல்ட் சிஸ்டம். காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு செல்ஃப் நல்லா சுத்துது, எஞ்சின் பிடிக்க மாட்டேங்குது. பின்னாடி வெள்ளைப் புகை, பச்சை டீசல் வாடை. ஒரு வழியா பிடிச்சா ரெண்டு நிமிஷம் ஒரு பக்கமா குலுங்கும், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். ஒருதடவ சூடாயிட்டா நாள் முழுக்க அரை சுத்துல ஸ்டார்ட்.

இதைக் கேட்டதும் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "ஹீட்டர் பிளக் போச்சு". ஹீட்டர் பிளக்னா ஸ்டார்ட்டுக்கு முன்னாடி சிலிண்டருக்குள்ள சூடு ஏத்தற பிளக், சிலிண்டருக்கு ஒண்ணு. இந்த வண்டியிலயும் அப்படித்தான் சொல்லி, நாலு பிளக்கையும் கழட்டி புதுசு போட்டிருக்காங்க. இங்க பாருங்க, பிளக் பாடி பளபளன்னு இருக்கு. வியாதி மட்டும் அப்படியே இருக்கு.

நானும் இந்தத் தப்பைப் பண்ணினவன்தான். ஆரம்பத்துல ஒரு எஞ்சின்ல நல்லா இருந்த பிளக்கைச் சந்தேகப்பட்டு, ஆறின எஞ்சின்லயே ஸ்பேனர் போட்டு இழுத்தேன். பாதி கையோட வந்துச்சு, மீதி சிலிண்டர் ஹெட்டுக்குள்ள, அதாவது எஞ்சினோட மேல் மூடிக்குள்ள, நின்னுடுச்சு. எட்டு எம்.எம். மரை பிளக்குன்னா 20 நியூட்டன் மீட்டர் பக்கம் போனாலே முறிய வாய்ப்பு இருக்கு, பத்து எம்.எம்.னா 35 பக்கம். கை பலத்துக்கு அதெல்லாம் சாதாரணம். அன்னிக்கு ஹெட்டை இறக்க வேண்டியதாச்சு. அதுலேர்ந்து பிளக்கைக் கழட்டுறது என் லிஸ்ட்ல கடைசி வேலை.

சரி, வேலைக்கு வருவோம். கீ ஆன் பண்றேன். டேஷ்ல காயில் படம் போட்ட ஹீட்டர் லைட் எரியுதா? எரியுது. காயில் லைட் எரிஞ்சா ஹீட்டர் வேலை செய்யுதுன்னு நினைச்சுக்காதீங்க. இந்த மாதிரி பழைய சிஸ்டத்துல அந்த லைட்டை எரிய வைக்கிறது டைமர். பிளக் நாலும் செத்திருந்தாலும் அது ஜம்முனு எரிஞ்சு, நேரம் வந்ததும் அணையும். ரிலே "டக்"னு சத்தம் போட்டுச்சு, கேட்டீங்களா? அதுவும் சாட்சி கிடையாது. உள்ள காந்தம் இழுத்துச்சுன்னுதான் அர்த்தம், கரண்ட் போச்சுன்னு அர்த்தம் இல்ல.

அடுத்தது எல்லாரும் செய்யறது, பிளக் வயரைக் கழட்டி அதுல மீட்டர் வச்சு பாக்கறது. 12 வோல்ட் காட்டும், "லைன் ஓகே"ன்னு முடிச்சிடுவாங்க. இதுலதான் முக்கால்வாசிப் பேர் விழறாங்க. மீட்டர் கரண்டே இழுக்காதுங்க. வயர்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது 12 காட்டும். ஆனா ஒவ்வொரு பிளக்கும் முதல்ல 15, 20 ஆம்ப்ஸ் கேக்கும். அந்த ஒத்தை இழை எங்க கொடுக்கும்? அதனால லோடு இருக்கும்போதுதான், அதாவது பிளக் கரண்ட் இழுக்கும்போதுதான் அளக்கணும், எல்லாம் மாட்டினபடியே.

அதுக்கு முன்னாடி கிளாம்ப் மீட்டர், வயரைக் கழட்டாம சுத்தி மாட்டியே கரண்டை அளக்கறது. ரிலேலேர்ந்து, நாலு பிளக்கையும் சேர்க்கற உலோகப் பட்டைக்கு வர்ற தடிமனான வயரைச் சுத்தி மாட்டறேன். ஒரு விஷயம், டிசி ஆம்ப்ஸ் அளக்கற கிளாம்ப்தான் வேணும். சில கிளாம்ப் மீட்டர் ஏசி மட்டும்தான் அளக்கும், அதை வச்சா பூஜ்யம் காட்டும், நீங்க நல்ல வயரை அறுத்துப் பாத்துட்டு இருப்பீங்க. மாட்டறதுக்கு முன்னாடி ஜீரோ பட்டனை அமுக்கிடுங்க.

இந்த மாதிரி நாலு பிளக்குக்கு என்ன வரணும்? கீ போட்டதும் 70 ஆம்ப்ஸ் பக்கம் எகிறி, பிளக் சூடாக சூடாக இறங்கி, 40 பக்கம் நிக்கணும். அந்த இறக்கம் முக்கியம். பிளக்குக்குள்ள இருக்கற கன்ட்ரோல் காயில் சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும், கரண்டைத் தானே குறைச்சுக்கும். ஒரு பிளக் செத்திருந்தா கடைசியில 30 தான் நிக்கும், ரெண்டுன்னா 20. ஒரு பிளக்கையும் கழட்டாமயே கணக்கு வந்துடும்.

இப்ப பாருங்க... கீ ஆன். 40... 36... 33... 30ல நிக்குது.

"30னா ஒரு பிளக் அவுட்"னு தோணும். எனக்கும் ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா ஆரம்பத்தைக் கவனிங்க, 40 தான். மூணு நல்ல பிளக் இருந்தா முதல் நொடியில அம்பதைத் தாண்டியிருக்கணும். எங்கயோ கழுத்தைப் பிடிச்சிருக்கு.

இப்ப வோல்ட் மீட்டர். கீ ஆன்ல, லோடோட, பேட்டரியில 12.1. பட்டையில... 7.1. அஞ்சு வோல்ட் வழியிலயே காணாமப் போகுது.

எங்கன்னு தேட, பேட்டரியிலேர்ந்து ஒவ்வொரு துண்டா அளக்கறேன். பேட்டரி பாசிட்டிவ் டு ரிலே இன்புட், 0.2. நல்லா இருக்கு, ஃபியூஸும் இதுலயே வந்துடுச்சு. ரிலே அவுட்புட் டு பட்டை, 0.2. அதுவும் பரவால்ல. இப்ப ரிலேயோட ரெண்டு தடிமனான டெர்மினலுக்கு நடுவுல... 4.6. சிக்கிட்டாரு.

கணக்குப் போடுங்க, 4.6 வோல்ட், 30 ஆம்ப்ஸ், 138 வாட். அவ்வளவு சூடும் சிலிண்டருக்குள்ள போகாம இந்தச் சின்ன டப்பாவுக்குள்ள எரியுது. கிட்ட காட்டறேன், அடிப்பக்கம் பிளாஸ்டிக் பழுப்பாகி உப்பியிருக்கு, தெரியுதா? மூக்கு கிட்ட கொண்டுபோனா கருகல் வாடை.

இங்க பிரச்சினை இல்லாம இருந்திருந்தா அடுத்து எஞ்சின் எர்த்தைப் பாத்திருப்பேன். பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து சிலிண்டர் ஹெட்டுக்கு, அதே லோடுல. பிளக்குக்கு ரெண்டாவது வயர் கிடையாது, ஹெட்டோட மரைதான் அதோட எர்த். அதுவும் சரின்னா பட்டையைக் கழட்டி, பிளக்கை ஒவ்வொண்ணா ஓம், அதாவது ரெசிஸ்டன்ஸ் பாக்கணும். பட்டையோட சேர்த்து அளந்தா நாலும் பேரலல்ல இருக்கும், செத்தது நல்லதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். ஆறின பிளக் ஒரு ஓம் பக்கத்துலயோ அதுக்குக் கீழயோ காட்டும். மீட்டர் வயரே 0.2, 0.3 காட்டும், ரெண்டு முனையையும் தொட்டு வச்சுப் பாத்து அதைக் கழிச்சுக்கோங்க.

ரிலே சத்தமே வரலன்னா கதை வேற. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் "எஞ்சின் சூடா இருக்கு"ன்னு பொய் சொன்னா, ரிலேவுக்கு ஆர்டரே போகாது. ஸ்கேனர்ல (வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கற கருவி) ராத்திரி நின்ன வண்டியோட கூலன்ட் ரீடிங் 80 டிகிரின்னு வந்தா, பிளக் பக்கமே போகாதீங்க.

ஒரு எச்சரிக்கை. இப்ப வர்ற நிறைய வண்டியில பிளக் 12 வோல்ட் கிடையாது. 4.4, 5, 7 வோல்ட்னு பாடியிலயே போட்டிருக்கும், ஒவ்வொரு பிளக்குக்கும் மாட்யூல்ங்கற கன்ட்ரோல் டப்பா தனித்தனியா விட்டு விட்டு கரண்ட் கொடுக்கும். அதை பேட்டரியில நேரா வச்சு "செவக்குதா பாப்போம்"னு சோதிச்சா செவந்த வேகத்துலயே செத்துடும். அந்த வண்டிக்கு ஸ்கேனர் போடுங்க. அதுல வர்ற கோளாறு கோடு பி0671ன்னா முதல் சிலிண்டர் பிளக் சர்க்யூட், 0672 ரெண்டாவது, அப்படியே போகும். பி0670 வந்தா மாட்யூல் சர்க்யூட். கோடு சர்க்யூட்டைத்தான் சொல்லும், பிளக்குன்னு சொல்லாது. கனெக்டர்ல பச்சை பூத்திருந்தாலும் அதே கோடுதான் வரும்.

சரி, புது ரிலே மாட்டிட்டேன். எஞ்சின் இன்னும் ஸ்டார்ட் பண்ணவே இல்ல, ஆறித்தான் இருக்கு. கிளாம்பைப் பாருங்க, கீ ஆன். 73... 60... 48... 41. பட்டையில 11.4. லைட் அணைஞ்சதும் செல்ஃப் கொடுக்கறேன்.

...பிடிச்சுடுச்சு. ரெண்டு சுத்து கூட ஆகல. பின்னாடி காட்டறேன், லேசா ஒரு புகை, அதுவும் போயிடுச்சு. குலுக்கல் இல்ல. கிளாம்ப்ல பாருங்க, எஞ்சின் ஓடும்போதும் கரண்ட் போயிட்டிருக்கு. அது கோளாறு இல்ல, ஆறின எஞ்சின் சுத்தமா எரியட்டும்னு கொஞ்ச நேரம் ஹீட்டரை விட்டு வைக்கும். ஆனா அரைமணி ஓடியும் நிக்கலன்னா ரிலே ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம், பிளக் நுனி உப்பி ஹெட்டுக்குள்ளயே மாட்டிக்கும்.

பழைய ரிலேயை அறுத்துட்டேன், இந்தாங்க. உள்ள கரண்டைச் சேர்க்கற ரெண்டு பாயிண்ட்ல மேல் பாயிண்ட் கரிக்கட்டையா இருக்கு, கீழ் பாயிண்ட்ல மிளகு சைஸுக்குக் குழி. வண்டிக்காரர் கழட்டின பழைய பிளக் நாலையும் டிக்கியில போட்டு வச்சிருக்காராம். கொண்டு வரச் சொல்லியிருக்கேன், ஒவ்வொண்ணா ஓம் வச்சு அடுத்த வீடியோவுல காட்டறேன்.