பர்ன்லியின் ஆலையும் கால்வாயும்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயரில், பர்ன்லி என்று ஓர் ஊர். நூறு வருஷத்துக்கு முன்னால் உலகத்திலேயே மிக அதிகமாகப் பருத்தித் துணி நெய்த ஊர்களில் ஒன்று. 1913-இல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி ஏறத்தாழ 700 கோடி கெஜம். அதில் சுமார் 300 கோடி கெஜம் இந்தியாவுக்குத்தான் வந்தது. நம் கைத்தறிக் குடும்பங்களின் பிழைப்பில் மண் விழுந்த கதையின் மறுமுனை இந்த ஊர்ப் பக்கம்தான் இருக்கிறது.

ஊரின் நடுவே லீட்ஸ் - லிவர்பூல் கால்வாய் ஓடுகிறது. மொத்த நீளம் 127 மைல். 1770-இல் சட்டம் போட்டு ஆரம்பித்த வேலை, முழுதாக முடிய 1816 ஆனது. பர்ன்லியில் ஒரு பள்ளத்தாக்கு குறுக்கே வந்தது. படகை இறக்கி ஏற்ற மதகுகள் கட்டாமல், பள்ளத்துக்குக் குறுக்கே சுமார் 60 அடி உயரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி, அதன் தலையில் தண்ணீரை ஓடவிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கரையில் நடந்தால் வீட்டுக் கூரைகளும் புகைபோக்கிகளும் நம் காலுக்குக் கீழே இருக்கும். படகு நம் பக்கத்தில் போகும்.

ஆலைகள் ஏன் கால்வாயோரமாகவே வந்தன? நிலக்கரியும் பஞ்சும் நூலும் படகில் வந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். நீராவி எஞ்சினில் வேலை முடித்து வெளியேறும் ஆவியைக் குளிரவைத்தால்தான் எஞ்சினுக்கு முழு பலம் கிடைக்கும். அதற்குக் கால்வாய்த் தண்ணீரை உள்ளே இழுத்து, சூடாகத் திரும்ப விட்டார்கள். அதனால் அந்தக் கால்வாயை வெறும் போக்குவரத்துப் பாதையாகப் பார்க்கக் கூடாது. அது எஞ்சினிலேயே ஒரு பாகம். ஆலையைக் காப்பாற்றிவிட்டுக் கால்வாயைத் தூர்த்துவிட்டால் பாதி எந்திரத்தைத்தான் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

பர்ன்லியில் இரண்டும் மிச்சமிருக்கின்றன. கால்வாயோரம் 'வீவர்ஸ் டிரையாங்கிள்' என்ற பகுதியில் பழைய ஆலைகள், கிடங்குகள், உயர்ந்த செங்கல் புகைபோக்கிகள் எல்லாம் நிற்கின்றன. ரம்பப் பல் போன்ற கூரைகளைப் பாருங்கள். கண்ணாடி வடக்கு நோக்கியே இருக்கும். நேர் வெயில் விழாமல் சீரான வெளிச்சம் கிடைத்தால்தான் அறுந்த இழை கண்ணுக்குத் தெரியும். சில கட்டடங்கள் இன்று கல்விக்கூடமாகவும் அலுவலகமாகவும் மாறியிருக்கின்றன. சரி, இடிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் என் மனசு நிற்பது ஊர் எல்லையில், ஹார்ல் சைக்கில் உள்ள குவீன் ஸ்ட்ரீட் ஆலையில்தான். அது கால்வாயை விட்டுத் தள்ளி இருப்பதால் தனக்கென்று ஒரு குளமே வெட்டி வைத்துக்கொண்டது. 1895-இல் ஓடத் தொடங்கி 1982 வரை நீராவியிலேயே நெய்தது. 500 குதிரைசக்தி எஞ்சின். முதல் உலகப் போருக்குப் பிறகு அதற்கு 'பீஸ்', அதாவது சமாதானம் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒரே எஞ்சினிலிருந்து தண்டுகளும் தோல் பட்டைகளும் வழியாக நூற்றுக்கணக்கான தறிகளுக்குச் சக்தி போகும்.

தறி ஓடும்போது காதில் வேறு எதுவும் விழாது. நெசவுப் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்கு 'மீ-மா' என்று பெயர். பல பேருக்குக் காது போனது. தறியில் குறுக்கு இழையைக் கொண்டுபோகும் கட்டைக்கு நாடா என்று பெயர். அதில் புதுத் தார், அதாவது நூல் சுற்றிய குச்சி, போட்டதும், நூல் நுனியை நாடாவின் கண்ணில் வாய் வைத்து உறிஞ்சி இழுப்பார்கள். ஒரே நாடாவில் பல பேர் வாய் வைத்ததால் நோயும் சேர்ந்தே பரவியது. நம் நெசவாளர்களை நசுக்கிய துணியை நெய்தவர்களும் சுகமாக இருந்துவிடவில்லை.

அந்த ஆலை அருங்காட்சியகமாகி, 2016-இல் அரசு நிதிக் குறைப்பில் மூடப்பட்டு, அப்புறம் மறுபடி திறந்தது. கட்டடத்தைப் பூட்டி வைக்கலாம். கொதிகலனை எரிக்கத் தெரிந்த கையைப் பூட்டி வைக்க முடியாது. நாடா ஓட்டத் தெரிந்தவர்கள் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கக் காசு ஒதுக்க வேண்டும். அந்தப் பக்கம் போகிறவர்கள் எஞ்சின் ஓடும் நாள் எது என்று கேட்டுக்கொண்டு போங்கள். தறிக்குப் பக்கத்தில் நிற்பவர்களிடம் வேலையைப் பற்றிக் கேளுங்கள், ஆசையாகச் சொல்வார்கள். வணக்கம்.