பத்தொன்பதாவது கொத்தளத்துக்கு அடியில்

[திரையில்: யூப்ரட்டீஸ் ஆற்றங்கரைப் பீடபூமி. ஆளரவமற்ற நீண்ட கல்மதில்.]

இந்த மதிலின் கல்வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். நேராக வந்துகொண்டிருந்த வரிசை, பத்தொன்பதாவது கொத்தளத்தை நெருங்கியதும் தடாலென்று கீழே இறங்கிவிடுகிறது. அடித்தளத்தை யாரோ உருவி எடுத்தாற்போல மதிலும் கொத்தளமும் சேர்ந்தே அமிழ்ந்திருக்கின்றன. ஆனாலும் விழவில்லை. ஏன் அமிழ்ந்தது, ஏன் விழவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை மண்ணுக்குள் இருந்தது.

[திரையில்: வரைபடம். சிரியாவின் கிழக்கே ஒரு புள்ளி.]

ஊரின் பெயர் தூரா யூரோபோஸ். கிழக்கே ஆற்றை நோக்கிய செங்குத்துப் பாறை, வடக்கிலும் தெற்கிலும் ஆழமான ஓடைப் பள்ளங்கள். மேற்கே மட்டும் தட்டையான பாலைநிலம். எதிரி வந்தால் அந்தப் பக்கமாகத்தான் வரவேண்டும். கிரேக்கர் நிறுவிய இந்த நகரம் பார்த்தியர் கைக்குப் போய், கி.பி. 165-இல் ரோமரிடம் வந்தது. ரோமர் இதைத் தங்கள் கீழை எல்லைப் படைத்தளமாக்கிக்கொண்டார்கள்.

1920-இல் ஆங்கிலேயர் படையின் இந்தியச் சிப்பாய்கள் இங்கே பதுங்குகுழி வெட்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து வண்ணச் சுவரோவியங்கள் வெளிப்பட்டன. அவற்றைப் பார்த்துப் பதிவு செய்ய, அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். முறையான பெரிய அகழாய்வு 1928 முதல் 1937 வரை நடந்தது. யேல் பல்கலைக்கழகமும் பிரான்சின் கல்வெட்டு, இலக்கிய அகாதெமியும் சேர்ந்து நடத்திய பணி அது.

[திரையில்: மதிலின் குறுக்குவெட்டுப் படம். உட்பக்கம் முழுவதும் மண் நிரம்புகிறது.]

மதிலின் உட்புறத்தைத் தோண்டியவர்களுக்கு முதலில் அகப்பட்டது மண், மேலும் மண். கி.பி. 256 வாக்கில் சாசானியப் பாரசீகர் முற்றுகையிட வருவதை எதிர்பார்த்த ரோமர், மதிலை ஒட்டிய தெருவையும், தெருவோரக் கட்டடங்களையும் மண்ணாலும் இடிபாடுகளாலும் நிரப்பி, மதிலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வீடு, கோயில் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 244-245-இல் சுவர் முழுக்க ஓவியம் தீட்டி முடித்த யூதத் தொழுகைக்கூடமும் அந்த மண்ணுக்குள் போனது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகூட அனுபவிக்காத ஓவியம்! அந்த ஊர்க்காரர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். ஆனால் அந்த மண் மூடியதால்தான் ஓவியம் நம் காலம்வரை நிறம் மங்காமல் வந்து சேர்ந்தது.

கொத்தளம் சாயாமல் நின்றதற்கும் அந்த மண்தான் காரணம்.

[திரையில்: மதிலுக்கு வெளியே ஒரு சுரங்க வாய். ஒளி மெல்ல உள்ளே செல்கிறது.]

பாரசீகர் வெளியிலிருந்து சுரங்கம் வெட்டிக்கொண்டு மதிலடிக்கு வந்தார்கள். அஸ்திவாரக் கற்களைப் பெயர்த்துவிட்டு மரக்கட்டைகளை முட்டுக் கொடுப்பது, பிறகு அந்தக் கட்டைகளுக்குத் தீ வைப்பது, இதுதான் உத்தி. முட்டு எரிந்ததும் மேலே இருப்பது சரியவேண்டும். இங்கே கொத்தளம் அமிழத்தான் செய்தது, ஆனால் விழவில்லை. மண்ணணை தாங்கிப் பிடித்துக்கொண்டது.

ரோமரும் சும்மா இருக்கவில்லை. உள்ளிருந்து எதிர்ச் சுரங்கம் வெட்டினார்கள். 2 மீட்டருக்கும் குறைவான உயரம், அகலமும் அவ்வளவுதான். நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். 1930-களில் அதைத் திறந்த பிரெஞ்சு ஆய்வாளர் து மெனில் து புய்சோன் கண்டது, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த ரோம வீரர்களின் எலும்புக்கூடுகளை. சுமார் இருபது பேர். சற்றுத் தள்ளி, தலைக்கவசமும் வாளுமாகத் தனியே ஒரு பாரசீக வீரன். இறந்தவர்களிடம் இருந்த காசுகள் முற்றுகையின் ஆண்டைக் காட்டிக்கொடுத்தன.

கைகலப்பில் தோற்றுச் சிக்கிக்கொண்டவர்கள் இவர்கள் என்று அவர் நினைத்தார். நல்லவேளையாக, நினைத்ததோடு நிற்காமல் ஒவ்வோர் உடலும் கிடந்த கிடையை வரைந்தும் வைத்தார்.

[திரையில்: அந்த வரைபடம். உடல்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகின்றன.]

எழுபது ஆண்டுகளுக்குப் பின், லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் சைமன் ஜேம்ஸ் அதே குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். அத்தனை குறுகிய இடத்தில் இத்தனை பேரை வாளால் வெட்டி வீழ்த்துவது எப்படி? அதுவும் ஒரே குவியலாக? சுரங்கத்தில் கந்தகப் படிகங்களும் தார் போன்ற நிலக்கீலும் கிடைத்திருந்தன. 2009-இல் அவர் தன் விளக்கத்தை முன்வைத்தார். மேலே ரோமர் தோண்டும் சத்தம் கேட்டதும் பாரசீகர் அனல்சட்டியோடு காத்திருக்கிறார்கள். ரோமர் துளைத்துக்கொண்டு இறங்கியதும் கந்தகத்தையும் நிலக்கீலையும் தீயில் போடுகிறார்கள். பாரசீகச் சுரங்கம் கீழே, ரோமர் சுரங்கம் மேலே. ஆகவே எதிர்ச் சுரங்கமே புகைபோக்கியாகிவிட்டது. கந்தகப் புகை ஈரமான நுரையீரலில் படும்போது அமிலமாக மாறும். மயங்கி விழச் சில நிமிடங்கள் போதும். பிறகு பாரசீகர் உள்ளே வந்து, உடல்களையும் கேடயங்களையும் அடுக்கி வழியை அடைத்துவிட்டு, கட்டைகளுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். தனியே கிடந்தவன் அந்தத் தீயைப் பற்றவைத்து, நேரத்தில் வெளியேறாதவனாக இருக்கலாம்.

கண்ணால் கண்டு எழுதிவைத்த சாட்சி யாரும் இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆனால் உடல்கள் கிடந்த விதத்துக்கு இதைவிடப் பொருந்தும் விளக்கம் எனக்குப் படவில்லை.

[திரையில்: அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழை.]

நகரம் கடைசியில் வீழ்ந்தது. அதன்பின் ஊராக எழவில்லை. அதே பத்தொன்பதாவது கொத்தளத்தின் இடிபாட்டில் கிடைத்த ஒரு கேடயம் இப்போது யேல் கலைக்கூடத்தில் இருக்கிறது. மெல்லிய மரப்பட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி வளைத்தது. செந்நிறத் தளத்தில் கழுகும் சிங்கமும் இன்னும் தெரிகின்றன. அந்த வடிவ ரோமக் கேடயங்களில் இதுபோல் முழுமையாக எஞ்சியது வேறெதுவும் இல்லை. கைப்பிடியை மறைக்கும் நடுக்குமிழ் மட்டும் அகழாய்வில் கிடைக்கவே இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு துளை இருக்கிறது.