கராச்சிக்குப் புறப்பட்ட ஆகாயக் கப்பல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

காற்றைவிட இலேசான வாயுவை நிரப்பி வானில் மிதக்கவிட்ட ஆகாயக் கப்பல்கள் ஏன் மறைந்தன என்று கேட்டால், அவற்றில் நிரப்பிய ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும் வாயு என்று ஒரே வரியில் விடை சொல்லிவிடுகிறோம். ஆனால் ஜெர்மனியின் கிராஃப் செப்பலின் என்ற ஆகாயக் கப்பலும் ஹைட்ரஜனால் மிதந்ததுதான். 1928 முதல் 1937 வரை அட்லாண்டிக் கடலைப் பலமுறை கடந்து, 1929இல் உலகையே சுற்றிவந்த அக்கப்பலில் பயணி ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. அதே 1929 மே மாதம் அமெரிக்காவை நோக்கிச் சென்றபோது எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகவே, அதன் தலைவர் ஹூகோ எக்கனர் பயணத்தைக் கைவிட்டுத் திரும்பிப் பிரான்சில் இறங்கினார். எனக்கு அவரிடம் பெருமதிப்பு உண்டாவது இந்த இடத்தில்தான்.

பிரிட்டனின் ஆர் 101 கப்பலுக்கு அப்படியொரு தலைமை வாய்க்கவில்லை. கார்டிங்டனில் அரசே கட்டிய அக்கப்பல், எகிப்து வழியாக இந்தியாவுக்குச் சில நாள்களில் வந்துசேர வேண்டும் என்பது திட்டம். அதற்காகவே, அன்று இந்தியாவில் இருந்த கராச்சியில் மாபெரும் கொட்டகை ஒன்றை முன்கூட்டியே எழுப்பினார்கள். வெப்ப நாடுகளில் பெட்ரோல் ஆவி ஆபத்தாகலாம் என்று அஞ்சி டீசல் எஞ்சின்களைப் பொருத்தினார்கள். அவையோ மிகவும் கனத்தன. 1929 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த கப்பலால், திட்டமிட்ட எடையைத் தூக்க இயலவில்லை. கப்பலுக்குள் ஹைட்ரஜன் நிரப்பிய வாயுப் பைகள் மேலும் விரிவதற்காக அவற்றைப் பிடித்திருந்த வலையைத் தளர்த்தியபோது, பைகள் உலோகச் சட்டங்களில் உரசி ஓட்டை விழுந்தன. பிறகு கப்பலை நடுவில் பிரித்து, புதிய பகுதி ஒன்றைச் சேர்த்து, நீளத்தை ஏறத்தாழ 237 மீட்டராக்கினார்கள். இவ்வளவு மாற்றங்களுக்கும் பின் நடந்த சோதனைப் பயணம் ஒன்றே ஒன்று. அதிலும் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க முடியவில்லை.

இவ்வளவு அவசரம் எதற்காக? விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபு, இந்தியாவுக்கு வந்துவிட்டு, லண்டனில் கூடியிருந்த பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் மாநாட்டுக்குக் குறித்த காலத்தில் திரும்ப விரும்பினார். 1930 அக்டோபர் 4 மாலை, வானிலை மோசமாகிக்கொண்டிருந்த வேளையில், 54 பேருடன் கப்பல் புறப்பட்டது. பின்னிரவு இரண்டு மணி கடந்த சிறிது நேரத்தில், பிரான்சின் போவே நகரத்தருகே அதன் முகப்பு தாழ்ந்து தரையில் மோதியது. மோதலின் வேகம் பெரிதன்று. உடனே மூண்ட தீயே உயிர்களைக் குடித்தது. அமைச்சரும் கப்பலை வடிவமைத்த ரிச்மண்டும் உட்பட 48 பேர் மாண்டனர். முன்புறப் பைகளிலிருந்து வாயு வெளியேறியதே வீழ்ச்சிக்குக் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது.

அக்கப்பலின் குறைகளைப் பொறியாளர்கள் அறிந்தே இருந்தார்கள். அவற்றைத் தீர்த்துக்கொள்ளும் காலம்தான் அவர்களுக்குத் தரப்படவில்லை. அதன் விளைவை மற்றொரு கப்பலும் சுமந்தது. தனியார் நிறுவனம் கட்டிய ஆர் 100, அதே 1930இல் கனடா சென்று பத்திரமாகத் திரும்பியிருந்தது. ஆயினும் பிரிட்டன் ஆகாயக் கப்பல் திட்டத்தையே கைவிட்டு, அதையும் உடைத்துப் பழைய உலோகமாக விற்றுவிட்டது.