ஜப்பானின் பெயரால் கையெழுத்திடும் உரிமை யாருக்கு?

[திரையில்: எடோ, கியோட்டோ, நாகசாகி, சுஷிமா குறிக்கப்பட்ட வரைபடம்]

பேரரசரின் பெயரால் நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான டோக்குகாவா ஷோகுன்களின் காலத்தில் ஜப்பானின் அயலுறவு பல கைகளில் இருந்தது. நாகசாகிக்கு வந்த டச்சு, சீன வணிகர்களை ஷோகுனின் அதிகாரிகள் கவனித்தார்கள். கொரியாவுடனான தொடர்பைச் சுஷிமா தீவின் சோ குடும்பமும், தெற்குத் தீவுகளிலிருந்த ரியூக்யூ அரசுடனான தொடர்பைச் சட்சுமா சிற்றரசும் கையாண்டன. இவற்றுக்கெல்லாம் கியோட்டோவிலிருந்த பேரரசரிடம் அனுமதி கேட்கும் வழக்கம் இல்லை.

அமெரிக்காவுடனான வணிக உடன்படிக்கைக்காக 1858இல் அந்த வழக்கம் மீறப்பட்டது. ஷோகுனின் மூத்த அமைச்சர் ஹொட்டா மசாயோஷி ஒப்புதல் நாடிக் கியோட்டோவுக்கே சென்றார். பேரரசர் கோமெய் மறுத்துவிட்டார். ஷோகுனாட்சியின் பிடி தளர்ந்த இடம் இதுதான் என்பேன். ஒப்புதல் கேட்டதன் மூலம், மறுக்கும் உரிமை பேரரசருக்கு உண்டு என்பதை அது தானாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே ஆண்டு ஜூலையில், ஷோகுனின் தலைமை அமைச்சர் ஈ நவோசுகேயின் தலைமையில், ஒப்புதல் இல்லாமலேயே உடன்படிக்கை கையெழுத்தானது. 1860இல், ஷோகுனின் தலைநகரான எடோவில் (இன்றைய டோக்கியோ), கோட்டையின் சகுராடா வாயிலுக்கு வெளியே அவர் கொல்லப்பட்டார். அயல்நாட்டுப் போர்க்கப்பல்கள் ஹியோகோ கடலில் வந்து நின்ற பிறகே, 1865இல், பேரரசர் உடன்படிக்கைகளை ஏற்றார்.

[திரையில்: கோபே துறைமுகம், 1868]

ஷோகுனாட்சி வீழ்ந்ததும், 1868 பிப்ரவரியில், அரசவைப் பிரபு ஹிகாஷிகுசே மிச்சிடோமி கோபேயில் அயல்நாட்டுத் தூதர்களைச் சந்தித்து, இனி உடன்படிக்கைகளில் ஷோகுனின் பட்டத்துக்குப் பதிலாகப் பேரரசரின் பெயரே நிற்கும் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு வெளியுறவு அமைச்சகம் அமைக்கப்பட்டது.

ஆனால் பேரரசரின் பெயரால் பேசப்போவது யார் என்பது அப்போதும் தீரவில்லை. 1871 டிசம்பரில் புறப்பட்ட, புதிய அரசின் மூத்த அமைச்சர் இவாகுரா டோமோமியின் தூதுக்குழு வாஷிங்டனில் உடன்படிக்கைத் திருத்தம் பற்றிப் பேசத் தொடங்கியபோது, கையெழுத்திடும் முழு அதிகாரம் அதனிடம் இல்லை என்பது தெரியவந்தது. அதைப் பெற்றுவரக் குழுவிலிருந்த ஒகுபோ டோஷிமிச்சியும் இட்டோ ஹிரோபுமியும் பசிபிக்கைக் கடந்து டோக்கியோவுக்குத் திரும்பினார்கள். அங்கே வெளியுறவு அமைச்சர் சொயேஜிமா டானேவோமி அதை எளிதில் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. தன் துறையின் பணியை வெளிநாட்டிலுள்ள குழு செய்வதை அவர் ஏற்காதது இயல்பே. அதிகாரப் பத்திரத்தோடு இருவரும் 1872 ஜூலையில் வாஷிங்டனுக்கு மீண்டபோது பேச்சுவார்த்தை கைவிடப்பட்டது.

[திரையில்: பூசான்]

அதே ஆண்டில் கொரியத் துறைமுகமான பூசானில் தூதுக்கும் வணிகத்துக்கும் இருந்த ஜப்பானிய மனையைச் சுஷிமாவிடமிருந்து அமைச்சகம் தன் வசமாக்கியது. நெடுங்காலமாகச் சுஷிமாவுடனேயே பழகிய கொரிய அரசு இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அந்தப் பிணக்கு டோக்கியோ ஆட்சியையே பிளந்தது: கொரியாவுக்குத் தூதர் அனுப்பும் திட்டத்தை, நாடு திரும்பிய இவாகுராவும் ஒகுபோவும் தடுத்ததால், 1873 அக்டோபரில், தூதராகச் செல்லவிருந்த சைகோ டகாமோரியுடன் சொயேஜிமாவும் பதவி விலகினார்.