30 பாட் திட்டத்துக்கு முன்னால் இருந்த இருபது வருடம்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நாட்டின் மருத்துவ அமைப்பைக் கொள்கையால் சீர்திருத்த முடியுமா என்று பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் நாம் எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்துவிடுவோம். அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன்: தாய்லாந்து.

1997-இல் அந்த நாட்டின் நாணயமான பாட் சரிந்து பொருளாதாரமே ஆட்டம் கண்டது. நான்கே வருடத்தில், 2001 தேர்தலில், பிறகு பிரதமரான தக்சின் சினவத்ராவின் கட்சி ஒரு வாக்குறுதி கொடுத்தது: எந்த நோய்க்குப் போனாலும் ஒரு தடவைக்கு 30 பாட். அன்றைய மதிப்பில் ஒரு டாலருக்கும் குறைவு. ஏப்ரலில் ஆறு மாகாணங்களில் தொடங்கியது, அடுத்த வருடமே நாடு முழுக்கப் பரவிவிட்டது. 2002 நவம்பரில் சட்டமும் ஆகிவிட்டது.

ஓட்டுக்காக அவசரத்தில் கட்டிய திட்டம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் யோசனை அரசியல்வாதிகளுடையது அல்ல. சங்குவான் நித்தயாரம்போங் என்ற மருத்துவர், கிராமத்தில் வேலை பார்த்துவிட்டுச் சுகாதார அமைச்சகத்துக்கு வந்தவர், வருடக்கணக்காக இதற்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். கட்சிகளிடம் எடுத்துச் சொன்னார். ஒரு கட்சி பிடித்துக்கொண்டது.

எல்லோரும் அந்த 30 பாட்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. 2006-இல் அந்தக் கட்டணத்தை நீக்கினார்கள், 2012-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், திட்டம் அதன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. விஷயம், மருத்துவமனைக்குப் பணம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் எத்தனை கட்டடம், எத்தனை ஊழியர் என்று பார்த்துப் பணம் ஒதுக்குவார்கள். ஏற்கெனவே இருக்கிற இடத்துக்கே மேலும் போகும். புதிய முறையில் ஒரு மருத்துவமனையின் கீழ் எத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்களோ, தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். 2002-இல் அது வருடத்துக்குத் தலைக்கு 1,202 பாட். உள்நோயாளி என்றால் நோயின் வகைப்படி ஒரு தொகை, அதுவும் மொத்த ஒதுக்கீட்டுக்குள். மருத்துவமனைகளை நடத்துவது அமைச்சகம். பணம் கொடுப்பது தனி அலுவலகம். வீட்டில் சமைக்கிறவர் ஒருவர், செலவுக் கணக்கு பார்க்கிறவர் இன்னொருவர் என்பது மாதிரி. டாக்டர்கள் நிறைந்திருந்த ஊர்களுக்கு இது பிடிக்குமா? எதிர்ப்பு கிளம்பத்தான் செய்தது.

இந்த முறையிலும் ஆபத்து உண்டு. பணம் முன்பே வந்துவிட்டால் வைத்தியத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாமே! விலை கூடிய சிகிச்சைகள் ஆரம்பத்தில் பட்டியலிலேயே இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான டயாலிசிஸ் 2008-இல்தான் சேர்ந்தது. அதிலும் வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்துகொள்ளும் முறைக்கு முதலிடம் கொடுத்தார்கள், ஏனென்றால் இயந்திரங்கள் பெரும்பாலும் நகரத்தில் இருந்தன.

சரி, திட்டத்தில் பெயர் பதிந்து அட்டையைக் கொடுத்துவிட்டால் போதுமா? போகிற இடத்தில் டாக்டர் இருக்க வேண்டும். 1980-களிலேயே நகரத்தில் புதிய மருத்துவமனை கட்டுவதை நிறுத்திவைத்து, அந்தப் பணத்தை மாவட்ட மருத்துவமனைகளுக்குத் திருப்பியிருந்தார்கள். படித்து முடித்த மருத்துவர்களுக்கு மூன்று வருடக் கட்டாய அரசுப் பணி, பெரும்பாலும் கிராமப்புறத்தில், அதற்கும் முன்பே வந்துவிட்டது. 2001-இல் மேடையில் அறிவிக்க முடிந்ததற்குக் காரணம், அந்த இருபது வருடம் யாரும் கைதட்டாமல் நடந்த இந்த வேலை.

அப்புறம் 2006-இலும் 2014-இலும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தக்சினை ஆட்சியை விட்டே விரட்டியவர்களால்கூட இந்தத் திட்டத்தைக் கைவிட முடியவில்லை.

ஆனால் ஒன்றை அவர்களாலும் சரிசெய்ய முடியவில்லை. அரசு ஊழியர்களுக்குத் தனித் திட்டம், தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்கு இன்னொன்று, மீதிப் பேருக்கு இது என்று மூன்றும் தனித்தனியாகவே இருக்கின்றன. அரசு ஊழியர் திட்டத்தில் வெளிநோயாளிக்கு பில் போடப் போடப் பணம் வரும். அதனால் தலைக்கு ஆகும் செலவு அங்கே பல மடங்கு. இவற்றை இணைக்க 2002 சட்டத்திலேயே வழி வைத்திருந்தார்கள். அதற்கான கோப்பை நகர்த்த வேண்டிய அதிகாரிகள் எந்தத் திட்டத்தில் இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.