இருபத்தைந்து சென்ட் ஸ்டாம்பும் ஒரு ஜோடி வளையலும்

நேயர்களுக்கு வணக்கம். மும்பை மாட்டுங்காவில் முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்த் தபால் ஆபீஸ் ஆர்.டி., அதாவது மாசாமாசம் கட்டும் சேமிப்பு, பிடித்தவள் நான். ஒருவர் பையிலிருந்து பணத்தை எடுக்க வைப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே, யுத்தச் செலவுக்கு அரசு ஜனங்களிடம் கடன் கேட்ட பத்திரங்களின் போஸ்டர்களை விடாமல் பார்ப்பேன்.

1942இல் அமெரிக்காவில் வந்த ஒன்று. லாரன்ஸ் பீல் ஸ்மித் வரைந்தது. புல்தரையில் மூன்று குழந்தைகள். ஒருவன் தலையில் காகிதத் தொப்பி, கையில் கொடி. இன்னொருவனிடம் பொம்மை விமானம். சின்னப் பெண் தன் பொம்மையோடு இருக்கிறாள். அவர்களைச் சுற்றி ஒரு நிழல். உற்றுப் பார்த்தால் நாஜிகளின் ஸ்வஸ்திகா. அந்த நிழல் இவர்களைத் தொட விடாதீர்கள், பத்திரம் வாங்குங்கள் என்கிறது வாசகம். வட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆபத்து நிஜம்தான். ஆனாலும் பிள்ளையைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் கேட்பதை என் மனசு ஏற்கவில்லை. இதைப் பார்த்த தாய் கணக்கா கேட்பாள்?

கணக்கு நல்ல கணக்கு. 18 டாலர் 75 சென்ட் கட்டினால் பத்து வருஷத்தில் 25 டாலர். அவ்வளவு கையில் இல்லாதவர்கள் சேமிப்பு ஸ்டாம்ப் வாங்கி ஆல்பத்தில் ஒட்டலாம். 25 சென்ட் ஸ்டாம்ப் 75 சேர்ந்தால் ஒரு பத்திரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒட்டினார்கள். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாசம் ஐம்பது ரூபாயைச் சுருக்குப் பையிலிருந்து எண்ணித் தந்த பாட்டிகளின் முகம் நினைவுக்கு வருகிறது. எட்டரைக் கோடி அமெரிக்கர்கள் பத்திரம் வாங்கினார்கள்.

அப்புறம், அரசுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தொழிற்சாலைகள் டாங்கியும் விமானமும் செய்யப் போய்விட்டதால் கடையில் சாமான் இல்லை. ஜனங்கள் கையில் சம்பளம் இருந்தது. அது கடைக்கு வந்தால் விலை எகிறும். பத்திரம் அந்தப் பணத்தைக் கொஞ்ச காலம் கட்டிப்போட்டது. இந்தப் போஸ்டரில் அதற்கு இடமில்லை. குடித்தனம் நடத்துகிறவளுக்கு விலைவாசி புரியாதா என்ன? சொல்லியிருக்கலாம்.

நம் நாட்டிலும் 1965 யுத்தத்தை ஒட்டித் தங்கப் பத்திரம் வந்தது. தங்கம் கொடுத்தால் 15 வருஷம் கழித்துத் தங்கமாகவே திரும்பும். அம்மா தன் கல்யாண வளையல் ஒரு ஜோடியைக் கொடுத்தாள். எந்தப் போஸ்டரையும் பார்த்து அல்ல. எதிர்வீட்டு மராட்டி அம்மாள் கொடுக்கிறாள் என்று தெரிந்ததும் தானும் கிளம்பிவிட்டாள். 1980இல் சுத்தத் தங்கமாகத் திரும்பி வந்தது. அதற்குள் விலை பல மடங்கு ஏறியிருந்தது. விற்கலாம் என்றார் அப்பா. அம்மா கேட்கவில்லை, பழைய அளவிலேயே வளையல் செய்யச் சொன்னாள். வந்தபோது அவள் கைக்கு ஏறவில்லை. எனக்குப் போட்டுவிட்டாள்.