கொட்டகையில் கிடந்த பந்தயக் கார்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நடிகர் அஜித் குமார் துபாயிலும் ஐரோப்பாவிலும் பந்தயம் ஓட்டத் தொடங்கிய பிறகு, கார் பந்தயம் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் எல்லோரும் கேட்பது இப்போது ஓடுகிற காரைப் பற்றித்தான். நான் இன்றைக்குப் பேச வந்தது, ஓடி முடித்து, விற்கப்பட்டு, பல கை மாறி, கடைசியில் தார்ப்பாய் போர்த்தி ஒரு கொட்டகையில் விடப்பட்ட காரைப் பற்றி. அதிலும் குறிப்பாக டூரிங் கார் என்ற வகையைப் பற்றி.

டூரிங் கார் என்றால் தெருவில் நாம் பார்க்கிற நான்கு கதவுக் காரை அடிப்படையாக வைத்துச் செய்யும் பந்தயக் கார். 1990களில் இங்கிலாந்தில் இதற்குப் பெரிய மவுசு. சூப்பர் டூரிங் என்று பெயர். 2 லிட்டர் என்ஜின்தான், டர்போ கூடாது, என்ஜின் நிமிடத்துக்கு 8,500 சுற்றுக்கு மேல் சுழலக்கூடாது, நிறுவனம் ஆயிரக்கணக்கில் தயாரித்து விற்கும் காரின் பாடியாக இருக்க வேண்டும். இந்த எல்லைக்குள் நின்றுகொண்டே பொறியாளர்கள் செய்ததைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். என்ஜினை முடிந்தவரை கீழே இறக்கி, பின்னால் தள்ளி, ஓட்டுநரின் இருக்கையையும் கதவுத் தூண் வரை பின்னுக்கு நகர்த்தி, சுமார் 300 குதிரைத்திறன் எடுத்தார்கள். 1994இல் வோல்வோ, குடும்பத்தோடு ஊருக்குப் போகிற நீளமான எஸ்டேட் காரையே, அந்த 850ஐ, பந்தயத்தில் இறக்கியது. 1995இல் ஓட்டுநர் ஜான் கிளீலண்ட் பிரிட்டிஷ் பட்டம் வென்றது வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் கவாலியர் காரில். அது அங்கே விற்பனைப் பிரதிநிதிகள் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டிய கார். தன் வீட்டு வாசலில் நிற்கும் காரே பந்தயத்தில் முந்துவதைப் பார்க்கத்தான் ஜனங்கள் அவ்வளவு கூட்டமாக வந்தார்கள்.

அப்படிப்பட்ட கார்கள் எப்படிக் கேட்பாரற்றுப் போயின? செலவுதான் காரணம். நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக் காசைக் கொட்டின, அப்புறம் ஒவ்வொன்றாக விலகின. 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் போட்டியில் நிறுவனத்தின் நேரடி அணிகள் என்று மிஞ்சியவை ஃபோர்டு, ஹோண்டா, வாக்ஸ்ஹால் மூன்றுதான். 2001இல் செலவு குறைந்த புதிய விதிமுறை வந்தது. ஒரே குளிர்காலத்தில் பழைய கார்கள் அத்தனைக்கும் அங்கே வேலை போய்விட்டது. சாலையில் ஓட்ட முடியாது, பந்தயத்திலும் சேர்க்கமாட்டார்கள். சில கார்கள் சுவீடனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய் இன்னும் கொஞ்ச காலம் ஓடின. சிலவற்றிலிருந்து என்ஜினையும் கியர்பாக்ஸையும் பிடுங்கி விற்றுவிட்டு வெறும் கூட்டை மட்டும் மூலையில் தள்ளினார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடக் காருக்குப் பணம் தேடுகிற அணிக்குப் போன வருடக் கார் அடைசல்தான்.

நான் நார்தாம்ப்டன்ஷயரில், சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்துக்கு அருகில், இப்படிப்பட்ட கார்களைச் சரிசெய்யும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். எங்களிடம் வந்த ஒரு கவாலியரை வைத்தே சொல்கிறேன். 90களின் நடுவில் ஒரு சிறிய தனியார் அணி ஓட்டிய கார் அது. சக்கரம் நான்கும் சுழலவில்லை, கண்ணாடிக்குள் பாசி, உள்ளே எலிக்கூடு. ஆனால் ரோல் கேஜ், அதாவது ஓட்டுநரைச் சுற்றிப் பற்றவைத்த குழாய்க் கூண்டு, முழுசாக இருந்தது. எங்களுக்கு அதுவே பெரிய செய்தி.

வந்த காரை உடனே கழுவிவிடக் கூடாது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று தெரியாது, இருந்தாலும் திரும்பச் சொல்கிறேன். முதல் வேலை ஸ்பேனரில் இல்லை, கேமராவில் இருக்கிறது. இந்தக் கார் எது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். பந்தயக் காருக்கு மோதல் சகஜம். பாடி நசுங்கினால் புதுப் பாடியை எடுத்துப் பழைய காரின் அடையாள எண்ணையே அதற்குக் கொடுத்துவிடுவார்கள். ஒதுக்கிப் போட்ட பழைய பாடியை இன்னொருவர் நிமிர்த்தி ஓட்டுவார். இருபது வருடம் கழித்து ஒரே எண்ணைச் சொல்லி இரண்டு கார் வந்து நிற்கும். பட்டம் வென்ற கார் என்றால் விலை எங்கோ போய்விடுவதால், இதில் ஏமாற்று வேலையும் உண்டு.

எனவே எண்ணைத் தாண்டிய அடையாளங்களைத் தேடுவோம். கூண்டைப் பற்றவைத்த விதம் ஒவ்வொரு பட்டறைக்கும் மாறும். டேஷ்போர்டில் போட்ட ஓட்டைகள், வயரைக் கட்டிய இடங்கள், பின்பக்கம் வாங்கிய அடியை டிங்கரிங் செய்து பட்டி பூசி மறைத்த தழும்பு, இதெல்லாம் பழைய புகைப்படத்தில் மாட்டிக்கொள்ளும். பெயின்ட்டையும் அவசரப்பட்டுச் சுரண்டமாட்டோம். ஒரு மூலையில் மட்டும் மெல்லிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தால் ஒரு வருடத்து நிறத்துக்குக் கீழே முந்தைய வருடத்து நிறம் வளையம் வளையமாகத் தெரியும். ஸ்டிக்கரை எப்போதோ உரித்திருப்பார்கள், ஆனால் அது ஒட்டியிருந்த இடத்தில் வெயில் படாததால் விளம்பரதாரரின் பெயர் நிழல்போல நிற்கும். எங்கள் கவாலியரின் பின்கதவில் அப்படி ஒரு பெயர் தெரிந்தது. அதை வைத்துத்தான் அது எந்த வருடம் ஓடியது என்று பிடித்தோம். காற்றழுத்தத்தில் மணல் அடித்து பெயின்ட்டை எல்லாம் உரித்து வெறும் தகடாக்கி இருந்தால் அந்தச் சாட்சி போயிருக்கும். தவிர, அடிக்கிற மணல் பாடியின் மடிப்புகளுக்குள் புகுந்துகொண்டு பின்னால் என்ஜின் எண்ணெய் வரைக்கும் வந்து சேரும்.

சரி, பிரித்த பிறகு என்ன தெரியும்? ஈரம் என்ன செய்திருக்கிறது என்பது தெரியும். எடை குறைக்க வேண்டும் என்று பந்தயக் காரில் மெக்னீசியம் கலந்த வார்ப்புகளைப் போடுவார்கள், கியர்பாக்ஸ் கூடு, சக்கரம் இப்படி. அலுமினியத்தைவிட அது மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. ஆனால் ஈரம் பட்டால், அதிலும் எஃகு போல்ட் தொடும் இடத்தில் ஈரம் தேங்கினால், வெள்ளைப் பொடியாகப் பொரிந்து அரித்துவிடும். பார்க்கச் சின்னப் புள்ளியாக இருக்கும், குத்திப் பார்த்தால் ஊசி இறங்கும். நன்றாகத் தெரிகிற சக்கரத்தையும் நம்ப முடியாது. சுத்தம் செய்து, சிவப்புச் சாயத் திரவத்தைப் பூசி, சிறிது நேரம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைத் தூளைத் தெளிப்போம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் மேலே வந்து சிவப்புக் கோடாக நிற்கும். எங்கள் காரோடு வந்த சக்கரங்களில் இரண்டு அப்படிக் கோடு காட்டின. அவற்றை ஓட்டத்துக்குப் போடவில்லை, தூக்கியும் எறியவில்லை, எழுதி ஒட்டிப் பரணில் வைத்திருக்கிறோம்.

பிரேக் வேறு கதை. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பல வருடம் நின்றால் காலிப்பருக்குள், அதாவது பிரேக் கவ்விக்குள், பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பொறுமையாகப் பிரித்து, ரப்பரை மாற்றிச் சேர்த்தால் அநேகமாகப் பிழைத்துவிடும். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

என்ஜின்தான் மனதைத் தொடுகிற பகுதி. சாலையில் ஓடிய கவாலியரில் இருந்த 2 லிட்டர், 16 வால்வு என்ஜின் 150 குதிரைத்திறன் கொடுத்தது. அதே அடிப்படையிலிருந்து பந்தயத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு எடுத்தார்கள். அப்படி எடுத்த என்ஜினின் பாகங்களுக்கு ஆயுளை மைலிலோ மணியிலோதான் கணக்குப் போடுவார்கள், வருடத்தில் இல்லை. ஆகவே பல வருடம் நின்ற என்ஜினுக்குப் புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கலாமே என்கிற ஆசையை முதலில் அடக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சின்னக் கேமராக் குழாயை உள்ளே விட்டுச் சிலிண்டர் சுவரில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் அதை முழுதாகப் பிரிக்காமல் நாங்கள் ஓட்டுவதில்லை.

இரும்பைவிடக் கஷ்டம் கொடுப்பது மின்னணுப் பெட்டி. எப்போது எவ்வளவு பெட்ரோல் விடுவது, எப்போது பொறி அடிப்பது என்ற கணக்கெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அதோடு பேச அந்தக் காலத்து லேப்டாப், அந்தக் காலத்து மென்பொருள், அந்தக் காலத்துக் கம்பி மூன்றும் வேண்டும். இது பணம் இல்லாதவர்களின் தொல்லை என்று நினைக்காதீர்கள். உலகின் மிக விலை உயர்ந்த கார்களில் ஒன்றான மெக்லாரன் எஃப்1ஐப் பராமரிக்க, அந்த நிறுவனமே 90களின் காம்பாக் லேப்டாப்புகளைத் தேடிப்பிடித்து வைத்திருந்தது 2016இல் செய்தியாக வந்தது. புதுப் பெட்டி மாட்டினால் வேலை சுலபம், உண்மைதான். ஆனால் பழைய பெட்டியில் இருக்கும் கணக்கு யாரோ ஒரு பொறியாளர் இரவு முழுக்க விழித்து எழுதியது. அதை முதலில் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தாமல் பெட்டியை மாற்றுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் பழமைக்கு இடமே கிடையாது. இருக்கைப் பட்டை, பெட்ரோல் பை, தீயணைப்பு எல்லாவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. பந்தயக் காரில் பெட்ரோல் இருப்பது வெறும் தகர டேங்கில் அல்ல, கிழியாத ரப்பர் பையில். உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி அதற்கு ஆயுள் 5 வருடம், தயாரித்தவர்களே சோதித்துக் கொடுத்தால் இன்னும் 2 வருடம். பழைய பை பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியே எடுத்துவிட வேண்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். எல்லாம் கூடி வந்து பெயின்ட் அடிக்கிற நாளில் ஒரு கேள்வி வரும்: எந்த நிறம்? காரின் சொந்தக்காரருக்கு, கிளீலண்ட் பட்டம் வென்ற காரின் தோற்றத்தைக் கொடுக்க ஆசை. அது நியாயமான ஆசைதான், கூட்டம் அடையாளம் கண்டு கை தட்டும். ஆனால் இந்தக் கார் அது இல்லையே. ஒரு சின்ன அணி, கையிலிருந்த காசுக்கு ஒரு செட் டயர் குறைவாக வாங்கிக்கொண்டு, பெரிய நிறுவனங்களோடு மோதி, பத்தாவதோ பன்னிரண்டாவதோ வந்த கார். அந்தச் சின்ன அணிகள் வரிசையில் நிற்காவிட்டால் பெரிய அணிகளுக்குப் பந்தயமே நடந்திருக்காது. வென்ற காரைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள். இந்தக் காரைப் பற்றிச் சொல்ல இந்தக் காரைத் தவிர வேறு யாரும் இல்லை. அதற்கு வேறொரு காரின் உடையைப் போட்டால் நாம் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டே அதை அழிக்கிறோம். சொந்தக்காரரிடம் பின்கதவில் தெரிந்த அந்தப் பெயரையும், ஒரு ரசிகர் கொடுத்த பழைய புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் பழைய நிறமே இருக்கட்டும் என்றார். கூரையின் உள்பக்கத்தையும் கதவின் உள்பக்கத்தையும் அன்றைக்கு இருந்தபடியே, கீறலோடு விட்டிருக்கிறோம்.

இந்தக் கார்களுக்கு இன்றைக்கு ஓட இடம் இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். பிரிட்டனில் பழைய சூப்பர் டூரிங் கார்களுக்கென்றே பந்தயங்கள் நடத்துகிறார்கள். என்ஜினைப் பழைய உச்சச் சுழற்சிக்குக் கொண்டுபோகாமல், கொஞ்சம் குறைத்து ஓட்டினால் என்ஜின் நெடுநாள் வரும். காட்சிக்கூடத்தில் கயிறு கட்டி நிறுத்துவதைவிட இது நல்லது. நின்றால் ரப்பர் காய்கிறது, எண்ணெய் வடிந்து இறங்குகிறது, திரும்பவும் பழைய கதை.

நேயர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில், ஒரு காலத்தில் ஃபியட்டும் ஹெரால்டும் சீறிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். கோயம்புத்தூரில் பந்தய வீரர் கரிவரதன், ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களான ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினார், அந்தப் பட்டறைகளில் வேலை செய்தவர்கள் இருப்பீர்கள். அந்தக் கார்களில் ஏதாவது ஒன்று எங்காவது தோட்டத்துக் கொட்டகையில் கிடக்கலாம். அதை யாராவது மீட்க நினைத்தால் அவருக்கு முதலில் வேண்டியது உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிற படம்தான். அப்பாவோ சித்தப்பாவோ காருக்குப் பக்கத்தில் நிற்கிற படத்தில், பின்னால் மங்கலாகத் தெரிகிற எண்ணும், கதவில் இருக்கிற அடியும் எங்களைப் போன்றவர்களுக்குத் தங்கம். படத்தின் பின்பக்கம் வருடத்தையும் இடத்தையும் நினைவிருக்கும்போதே பென்சிலால் எழுதி வையுங்கள். காரே உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து கழுவாதீர்கள், சாவியைத் திருப்பாதீர்கள், முதலில் படம் எடுங்கள். நன்றி, வணக்கம்.